முழங்கால் தண்ணீரில் என்னைக் கொன்ற இறால்!

என்னைக் கொன்றது ஓர் இறால்.

சிரிக்கலாம், தப்பில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் தம்பி சிரித்தான். சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்த அம்மாவும் சிரித்தார். ஆனால், அந்த இறால் ஒரு வேன் அளவுக்கு இருந்தது என்பதையும், என்னை அது தொடக்கூட இல்லை, எங்கோ தூரத்தில் நின்றுகொண்டே சுட்டது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும்.

நடந்தது வீடியோ கேமில்தான். 2024 ஜூன் மாதம், நாடாளுமன்றத் தேர்தல் முடிவுகள் வந்த வாரத்தின் சனிக்கிழமை. ஜூன் 4-ம் தேதி அதிகாலை அலுவலகத்துக்குள் நுழைந்த நான், நள்ளிரவு தாண்டித்தான் வெளியே வந்தேன். டிஜிட்டல் டெஸ்க்கில் வேலை பார்ப்பவர்களுக்கு வாக்கு எண்ணிக்கை நாள் என்பது தீபாவளியும் பரீட்சையும் ஒரே நாளில் வருவதுபோல. முன்னிலை, பின்னடைவு, வெற்றி என்று நிமிடத்துக்கு நிமிடம் மாறும் எண்களைத் தட்டிக்கொண்டே இருந்தோம். அன்று என் பக்கத்தில் ஒரு தவறுகூட இல்லை. அந்தப் பெருமையோடுதான் சனிக்கிழமை சோபாவில் சாய்ந்து, தம்பியின் பிளேஸ்டேஷன் கன்ட்ரோலரைக் கையில் எடுத்தேன்.

விளையாட்டின் பெயர் 'எல்டன் ரிங்'. ஜப்பானின் ஃப்ரம்சாஃப்ட்வேர் நிறுவனம் உருவாக்கி, 2022 பிப்ரவரி 25 அன்று வெளியானது. இயக்கியவர் ஹிடெடகா மியாசாகி. 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' தொடருக்கு மூலமான நாவல்களை எழுதிய ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டின்தான் இந்த உலகத்தின் பழங்கதையை எழுதிக் கொடுத்தார். அந்த ஆண்டு 'தி கேம் அவார்ட்ஸ்' விழாவில் ஆண்டின் சிறந்த விளையாட்டு என்ற விருதும் இதற்குத்தான். இடிந்த கோட்டைகள், டிராகன்கள், பைத்தியம் பிடித்த அரச வம்சத்தினர் என்று ஒரு பெரிய ஃபேன்டசி உலகம். அதில் நீங்கள் ஒரு தனி ஆள். கொம்பு வைத்த ஒரு மாயக்குதிரை உங்களுக்குத் துணை.

விளையாடாதவர்களுக்காக ஒரு விதியை மட்டும் சொல்லிவிடுகிறேன். இந்த உலகத்தில் எதிரிகளைக் கொன்றால் 'ரூன்' கிடைக்கும். அதுதான் காசு, அதைக் கொடுத்துத்தான் உங்கள் பலத்தையும் கூட்டிக்கொள்ள முடியும். நீங்கள் செத்துவிட்டால், கையிலிருந்த ரூன் அத்தனையும் செத்த இடத்திலேயே கொட்டிக் கிடக்கும். கடைசியாக ஓய்வெடுத்த இடத்திலிருந்து மறுபடி கிளம்பிப் போய் அதை எடுத்துக்கொள்ளலாம். போகிற வழியில் இன்னொரு முறை செத்தால் அவ்வளவுதான், பழையது போனது போனதுதான்.

அன்று மாலை நான் முதல் பெரிய எதிரியைத் தோற்கடித்திருந்தேன். காட்ரிக் என்று பெயர். மற்றவர்களின் கை கால்களை வெட்டித் தன் உடம்பில் ஒட்டவைத்துக்கொண்டு பலசாலியான ஒருவன். சண்டையின் பாதியில் தன் கையையே வெட்டிவிட்டு, செத்த டிராகனின் தலையை அந்த இடத்தில் பொருத்திக்கொண்டு நெருப்புக் கக்குவான். மூன்று வாரங்களாக அவனிடம் செத்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் விழுந்தபோது நான் போட்ட சத்தத்தில் கீழ்வீட்டு ஆன்ட்டி 'என்னம்மா ஆச்சு?' என்று கேட்டார்.

பரிசு 20,000 ரூன்.

"அக்கா, லெவல் ஏத்திட்டுப் போ" என்றான் தம்பி.

"இருடா, முதல்ல அந்தப் பக்கம் என்ன இருக்குன்னு பார்த்துடலாம்" என்றேன்.

கோட்டையின் பின்வாசல் வழியாக வெளியே வந்தால் ஒரு மலை விளிம்பு. அதற்குக் கீழே லியுர்னியா என்ற ஏரி நாடு. இவ்வளவு நேரம் இருட்டுக் கோட்டைக்குள் அடி வாங்கிக்கொண்டிருந்தவளுக்கு அந்தக் காட்சி அப்படியே மூச்சை நிறுத்தியது. கண்ணுக்கு எட்டிய தூரம் வரை தண்ணீர். நடுவே பனிமூட்டத்துக்குள் ஒரு மந்திரக் கல்விக்கூடத்தின் கோபுரங்கள். தண்ணீருக்குள்ளேயே நிற்கும் மரங்கள், பாதி மூழ்கிய மண்டபங்கள். இறங்கிப் பார்த்தால் குதிரை தாராளமாக ஓடும் ஆழம்தான். முழங்கால் தண்ணீர். கஷ்டப்பட்டதற்குக் கிடைத்த பரிசு இதுதான் என்று நினைத்து, குதிரையைத் தட்டிவிட்டேன்.

தூரத்தில் செம்பழுப்பு நிறத்தில் ஏதோ ஒன்று தண்ணீருக்கு மேலே தெரிந்தது. பாறை என்று நினைத்தேன். அந்தப் பாறைக்கு மீசை இருந்ததை நான் கவனிக்கவில்லை.

அடுத்த நொடி, தீயணைப்பு வண்டியின் குழாயிலிருந்து வருவதுபோல ஒரு தண்ணீர்ப் பீய்ச்சல் நேராக என் மேல் வந்து விழுந்தது. குதிரை போனது. நான் தண்ணீரில் விழுந்து எழுவதற்குள் அடுத்த அடி. திரையில் சிவப்பு எழுத்தில் 'யூ டைட்'.

தம்பி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். அம்மா எட்டிப் பார்த்தது அப்போதுதான். அவர் கடற்கரை ஊரில் பிறந்து வளர்ந்தவர். திரையை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "ஏன்டி, சிங்கி றால் மாதிரியில்ல இருக்கு? இதுகிட்டயா செத்த?" என்று கேட்டார்.

"பெருசும்மா அது."

"பெருசா இருந்தா என்ன, ரெண்டு நாள் குழம்புக்கு ஆகும்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

எனக்குக் கோபம் வந்தது. காட்ரிக்கையே கொன்றவள் நான், ஓர் இறாலுக்குப் பயப்படுவதா? 20,000 ரூன் அங்கே கிடக்கிறது. மறுபடி கிளம்பினேன். நேராக, முழு வேகத்தில், அது இருக்கும் திசையை நோக்கியே ஓடினேன். நேராக வருபவளைச் சுடுவதைவிடச் சுலபமான வேலை அந்த இறாலுக்கு வேறு இல்லை. இரண்டே அடி. மூன்று வார உழைப்பின் பரிசு மொத்தமும் போய்விட்டது.

இந்த விளையாட்டை ஆடியவர்களிடம் 'லியுர்னியா இறால்' என்று சொல்லிப் பாருங்கள். முகத்தில் ஒரு சிரிப்பும் ஒரு கடுப்பும் சேர்ந்து வரும். சரியாகச் சொன்னால் அது கடல் இறால் அல்ல, 'கிரேஃபிஷ்' என்ற நன்னீர் வகை. ஆனால், ஆடுகிறவர்கள் பலருக்கும் அது 'லாப்ஸ்டர்'தான். டிராகனிடம் செத்தவர் பெருமையாகச் சொல்லிக்கொள்வார். இறாலிடம் செத்தவர் கொஞ்சம் குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

அது ஏன் அவ்வளவு ஆபத்து என்று அன்றிரவு படுத்துக்கொண்டு யோசித்தேன். பலம் மட்டும் காரணமில்லை. காட்ரிக்கின் பலத்தோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. ஆனால், காட்ரிக் வரும்போது இசை மாறும். திரையின் அடியில் அவன் பெயர் எழுதப்பட்டிருக்கும். பெயருக்குக் கீழே நீளமாக அவன் உயிரின் அளவு தெரியும். 'இப்போது ஆபத்து, கவனம்' என்று விளையாட்டே கையைப் பிடித்துச் சொல்லிவிடும். நாமும் முதுகை நிமிர்த்தி உட்கார்வோம். இறாலுக்கு இசையும் கிடையாது, பெயர்ப் பலகையும் கிடையாது. அது பாட்டுக்கு ஏரியில் கிடக்கிறது. நாம்தான் பெரிய சண்டையை ஜெயித்த மிதப்பில், முதுகைச் சாய்த்துக்கொண்டு அதன் வீட்டுக்குள் போகிறோம்.

ஃப்ரம்சாஃப்ட்வேர் தண்ணீரில் இப்படி ஆபத்தை வைப்பது இது முதல் முறையல்ல. 2011-ல் வந்த 'டார்க் சோல்ஸ்' விளையாட்டில் காட்டுக்குள் அமைதியான ஒரு நீர்நிலை வரும். அங்கே பல தலைகள் கொண்ட ஹைட்ரா என்ற பாம்பு, தூரத்திலிருந்தே தண்ணீர்க் குண்டுகளை வீசும். 2016-ல் வந்த மூன்றாம் பாகத்தில், சதுப்பு நிலத் தண்ணீரில் ராட்சத நண்டுகள். ஊர் ஊராக நடந்து களைத்தவர் குளத்தைக் கண்டதும் உட்காரத்தானே நினைப்பார்? அந்த நினைப்பை நன்றாகத் தெரிந்து வைத்திருக்கிறார்கள்.

தண்ணீரைப் பீய்ச்சி வேட்டையாடுவது சுத்தக் கற்பனையா என்றும் தேடிப் பார்த்தேன். நிருபர் புத்தி போகுமா? அலையாத்திக் காடுகளில் வாழும் 'ஆர்ச்சர் மீன்' நிஜமாகவே வாயிலிருந்து நீரைப் பீய்ச்சி, இலையில் உட்கார்ந்திருக்கும் பூச்சியை வீழ்த்தித் தின்னுமாம். 'பிஸ்டல் இறால்' என்று சில சென்டிமீட்டர் நீளமே உள்ள ஒன்று, தன் பெரிய கொடுக்கை அதிவேகமாக மூடி ஒரு குமிழை உண்டாக்கும். அந்தக் குமிழ் உடையும் அதிர்ச்சியிலேயே இரை மயங்கிவிடும். ஆக, சுடும் இறால் உண்டு, விரல் நீளத்தில்.

உண்மையான ராட்சதக் கிரேஃபிஷ்ஷின் கதைதான் வேறு. ஆஸ்திரேலியாவின் டாஸ்மேனியா தீவில், வடக்குப் பகுதி ஆறுகளில் ஓர் இனம் இருக்கிறது. நன்னீரில் வாழும் முதுகெலும்பில்லா உயிர்களில் உலகிலேயே பெரியது அதுதான். பெண் கிரேஃபிஷ் இனப்பெருக்கத்துக்குத் தயாராகவே சுமார் 14 ஆண்டுகள் ஆகும். அவ்வளவு மெதுவாக வளரும் உயிரை மனிதர்கள் பிடித்துப் பிடித்துத் தின்றதில் எண்ணிக்கை குறைந்து, 1998-லிருந்து அதைப் பிடிக்கவே தடை. நிஜ உலகத்தில் பயப்பட வேண்டியது அதுதான், நம்மைப் பார்த்து.

மறுநாள் தம்பி எனக்குப் பாடம் எடுத்தான். "அக்கா, நீ தண்ணியப் பார்த்ததும் இறங்கிடுற. கரையிலயே கொஞ்சம் நில்லு. எது அசையுதுன்னு பாரு."

நின்று பார்த்தேன். நேற்று நான் பாறை என்று நினைத்தவற்றில் சில மெதுவாகத் திரும்பின. அது சுடும் தண்ணீர் நேர்கோட்டில் வரும். அதனால் நேராக ஓடக் கூடாது, பக்கவாட்டில் ஓட வேண்டும். இடிந்த சுவர், மரம் எதையாவது நடுவில் வைத்துக்கொள்ள வேண்டும். கிட்டே போய்விட்டால் முகத்துக்கு நேரே நிற்காமல் பக்கத்தில் நின்று வெட்ட வேண்டும், கொடுக்குக்கு எட்டிவிடக் கூடாது. இதெல்லாம் முடியாவிட்டால், சுற்றிக்கொண்டு வேறு வழியில் போவதில் எந்த அவமானமும் இல்லை.

அன்று ஓர் இறாலைக் கொன்றேன். இந்த முறை சத்தம் போடவில்லை. இன்னும் எத்தனை இருக்கிறது என்று சுற்றிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதோடு முடிந்திருந்தால் இது வெறும் விளையாட்டுக் கதை. இதை நான் எழுதியிருக்கவும் மாட்டேன்.

அடுத்த வாரத்தில் ஒரு மதியம். தேர்தல் பரபரப்பு ஓய்ந்து டெஸ்க்கே தூங்கி வழிந்துகொண்டிருந்தது. மாவட்டத்திலிருந்து பகுதி நேர நிருபர் ஒருவர் வாட்ஸ்அப்பில் ஒரு விபத்துச் செய்தி அனுப்பியிருந்தார். பைக்கும் வேனும் மோதல், ஒருவர் பலி, ஒருவர் காயம். மூன்றே பத்தி. இப்படிப்பட்ட செய்திகளை ஒரு நாளைக்குப் பத்தாவது போடுவோம். ஒரு கையில் டீயோடு தட்டி, தலைப்பு வைத்து, பப்ளிஷ் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விட்டேன்.

கொஞ்ச நேரத்தில் அலுவலகத்துக்கு ஒரு போன் வந்தது. என்னிடம் கொடுத்தார்கள். ஓர் இளம்பெண்ணின் குரல். என் வயதுதான் இருக்கும்.

"மேடம், நீங்க போட்ட நியூஸ்ல எங்க அப்பா செத்துட்டாருன்னு இருக்கு. அவர் உயிரோடதான் இருக்காரு. ஆஸ்பத்திரியில அவர் பக்கத்துலதான் நான் உட்கார்ந்திருக்கேன்."

அந்தப் பெண் கத்தவில்லை. கத்தியிருந்தால்கூட எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். சொந்தக்காரர்கள் அந்தச் செய்தியை ஒருவருக்கொருவர் அனுப்பி, ஊரிலிருந்து அழுதுகொண்டே போன் செய்கிறார்களாம். அவர் அம்மாவுக்கு இன்னும் தெரியாதாம், தெரிவதற்குள் எடுத்துவிடச் சொன்னார்.

நிருபர் அனுப்பியதில் தப்பில்லை. இரண்டு வரிகளில் இரண்டு பெயர்கள். அவசரத்தில் நான்தான் மாற்றிப் போட்டிருந்தேன்.

உடனே திருத்தினோம். செய்தியின் மேலேயே திருத்தக் குறிப்பும் வருத்தமும் போட்டோம். அந்தப் பெண்ணுக்கு நானே திரும்ப அழைத்து மன்னிப்புக் கேட்டேன். "சரிங்க மேடம்" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

எனக்கு உறைத்த இன்னொரு விஷயம் அதற்குப் பிறகுதான். பெயர்கள் மாறியிருந்தன என்றால், நிஜமாகவே இறந்துபோனவரின் பெயர் 'காயம்' என்ற இடத்தில் இருந்திருக்கிறது. அவருடைய வீட்டிலும் யாராவது அதைப் படித்திருப்பார்களா? எங்கோ வெளியூரில் இருக்கும் ஒரு மகன், 'அப்பாவுக்குக் காயம்தான், பிழைத்துவிடுவார்' என்று நம்பிக்கொண்டே பஸ் ஏறியிருப்பாரா? அங்கிருந்து யாரும் எங்களுக்கு போன் செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்று யோசிக்கும்போதெல்லாம் இன்றும் வயிற்றை ஏதோ செய்கிறது.

செய்தி ஆசிரியர் சத்தம் போடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ரிசல்ட் அன்னிக்கு நீ ஒரு தப்பும் பண்ணல. ஏன் தெரியுமா? அன்னிக்கு நீ பயந்துட்டு இருந்த" என்றார். அப்புறம், "செத்தவங்க பேரு, உயிரோட இருக்கறவங்க பேரு, ரெண்டையும் வாய்விட்டுப் படிச்சுட்டு அப்புறம் பப்ளிஷ் கொடும்மா" என்றார்.

அன்று இரவு வீட்டுக்குப் போய் கன்ட்ரோலரைத் தொடவில்லை. அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது நடந்ததைச் சொன்னேன். அவர் குழம்புக் கரண்டியோடு அப்படியே நின்று, "அந்தப் பொண்ணு பாவம்" என்றார். எனக்கு ஆறுதலாக எதையும் சொல்லவில்லை. சொல்லாதது சரி என்றுதான் எனக்கும் பட்டது.

தம்பிதான் கடைசியில் கேட்டான். "இறால் மாதிரியாக்கா?"

அந்தக் கேள்விக்கு அப்போது எனக்குக் கோபம் வந்தது. ஒரு குடும்பத்தின் கண்ணீரைக் கொண்டுபோய் விளையாட்டோடு சேர்ப்பதா என்று. விளையாட்டில் போனது வெறும் ரூன், அடுத்த வாரமே அதைவிட அதிகமாகச் சேர்த்துவிட்டேன். அந்தப் பெண் ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து அந்த வரியைப் படித்த நொடியைத் திருப்பி எடுக்க எந்த வழியும் கிடையாது. இரண்டும் ஒன்றல்ல.

ஆனால், அவன் கேட்டதில் ஓர் உண்மை இருந்தது. நான் இரண்டு இடத்திலும் ஒரே மாதிரிதான் நடந்துகொண்டேன். பெரியதை முடித்துவிட்டோம், இனி எல்லாம் முழங்கால் தண்ணீர் என்று நினைத்தேன். மூன்று பத்திச் செய்திக்குத் திரையில் இசை ஒலிக்காது. 'இந்த வரியில் ஒருவருடைய உயிர் இருக்கிறது' என்று யாரும் பெயர்ப் பலகை மாட்டி வைக்க மாட்டார்கள். கரையில் நின்று பார்க்க வேண்டியது நாம்தான்.

இப்போது என் மானிட்டரின் ஓரத்தில் ஒரு சின்ன மஞ்சள் ஸ்டிக்கர் இருக்கிறது. அதில் நானே வரைந்த, பார்க்கச் சகிக்காத ஓர் இறால். புதிதாக வேலைக்குச் சேர்ந்தவர்கள் அது என்ன என்று கேட்பார்கள். விபத்து, தீ, நீரில் மூழ்குதல் என்று எந்தச் சின்னச் செய்தி வந்தாலும், அதைப் பார்த்துவிட்டுப் பெயர்களை வாய்விட்டுப் படிக்கிறேன். சந்தேகம் இருந்தால் நிருபருக்கு போன் செய்கிறேன். "என்ன மேடம், இதுக்கெல்லாமா?" என்று அவர்கள் சலித்துக்கொள்வதும் உண்டு. பரவாயில்லை.

விளையாட்டையும் விடவில்லை. அந்த ஏரியில் ஒரு குடிசை இருக்கிறது. வாசலில் ஒரு முரட்டு ஆள் பானையை வைத்துக்கொண்டு இறால் அவித்துக்கொண்டிருப்பான். ஒரு பெண்ணிடமிருந்து பறித்த கழுத்து மாலையை 1,000 ரூனுக்கு நம்மிடம் விற்பான். அந்த வியாபாரம் முடிந்த பிறகு அவித்த இறாலும் விற்பான். அதைச் சாப்பிட்டுவிட்டுச் சண்டைக்குப் போனால் கொஞ்ச நேரத்துக்கு அடி அவ்வளவாக வலிக்காது. அம்மாவிடம் காட்டினேன். "நான்தான் அன்னிக்கே சொன்னேனே" என்றார்.

ஒன்றை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு மறுபடி ஏரிக்கரையில் நின்றேன். பனிமூட்டம், கோபுரம், அசையாத தண்ணீர். எண்ணிப் பார்த்ததில் மூன்று தெரிந்தன. சுற்றிக்கொண்டுதான் போனேன்.

நான்காவது ஒன்று சுவருக்குப் பின்னால் இருந்திருக்கிறது.